ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர்: தேதி தாண்டியதைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு

பால் பதனிடும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று யாராக இருந்தாலும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “தேதி முடிஞ்சிருச்சு, சாப்பிடலாமா?” கூடவே பாக்கெட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புவார்கள். தேதி பளிச்சென்று தெரியும். நான் திருப்பிக் கேட்பேன்: “உங்க ஃபிரிட்ஜுக்குள்ள எத்தனை டிகிரி இருக்கு?” இதற்குப் பதில் சொன்னவர்கள் மிகவும் குறைவு. “நல்லா ஜில்லுனுதான் இருக்கு” என்பார்கள். “மூணுல வெச்சிருக்கேன்” என்பார்கள். அந்த மூன்று டிகிரியைக் குறிக்காது. கம்ப்ரஸர் எந்த அளவுக்கு ஓட வேண்டும் என்று சொல்லும் வெறும் படிநிலை அது. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடக் கூடக் குளிர் கூடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பாலும் முட்டையும் எந்த வெப்பத்தில் இருக்கின்றன என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்கிற பொருள் ஃபிரிட்ஜுக்குள் வைக்கிற சின்னத் தெர்மாமீட்டர். சமையலறைச் சாமான்களில் இவ்வளவு பயனுள்ளதும் இவ்வளவு பேர் வாங்காமல் விட்டதும் வேறு எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். எங்கள் வீட்டில் மூன்று வகையை வைத்துப் பார்த்துவிட்டேன். அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரே வடிவம் பல பெயர்களில் விற்கப்படுவதால் பிராண்டைச் சொல்லிப் பயனில்லை, வகையைப் பார்த்து வாங்குவதுதான் சரி.

முதலில், தேதிக்கும் தெர்மாமீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால்தான் இந்தப் பொருளின் மதிப்பு தெரியும்.

பாக்கெட்டில் அச்சாகும் தேதியை யாரும் குத்துமதிப்பாகப் போடுவதில்லை. நாங்கள் ஒரே நாளில் அடைத்த பாலில் வரிசையாக மாதிரிகளை எடுத்து, குறிப்பிட்ட டிகிரியில் நிறுத்திய குளிர் அலமாரியில் வைப்போம். நாள்வாரியாக ஒவ்வொன்றாக எடுத்துத் திறப்போம். பயிற்சி பெற்றவர்கள் முகர்ந்து, ருசித்துப் பார்ப்பார்கள். அமிலத்தன்மை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்போம். ஒரு துளியை நீர்த்து, கிருமி வளர்வதற்கான கூழ் நிரப்பிய அகார் தட்டில் ஊற்றி, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் எடுத்து, முளைத்திருக்கும் புள்ளிகளை எண்ணுவோம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமிக் கூட்டம். எண்ணிக்கை எந்த நாளில் எல்லையைத் தாண்டுகிறதோ, அதற்குச் சில நாள் முன்னதாகவே தேதியை வைப்போம். அந்தச் சில நாள்தான் தயாரிப்பாளர் வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு இடைவெளி. தேதி முடிந்த மறுநாளே எல்லாம் கெட்டுப்போவதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

இதே சோதனையைக் கொஞ்சம் சூடான அலமாரியிலும் செய்வோம், வீடுகளில் என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காக. அந்தத் தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. 4 டிகிரியில் இருந்த பாலின் தட்டில் ஊசிமுனை அளவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், விரலால் தொட்டு எண்ணிவிடலாம். 10 டிகிரியில் இருந்ததன் தட்டில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பு வெள்ளையாகத் தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும், எண்ணுவதற்கு வழியே இருக்காது. இரண்டும் ஒரே நாளில், ஒரே தொட்டியிலிருந்து அடைத்த பால். பாக்கெட்டில் ஒரே தேதி.

ஆக, அந்தத் தேதி ஒரு நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட வாக்கு. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையம், பாக்கெட் உணவுகளின் லேபிளுக்கான பொது விதிகளை 2018-இல் திருத்தியது. அதில் இரண்டு வகைத் தேதிகளுக்கு விளக்கம் இருக்கிறது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரத்துக்கான தேதி. அதைத் தாண்டியும் அந்த உணவு சாப்பிடத் தகுந்ததாக இருக்கலாம். ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ என்பது பாதுகாப்புக்கும் சேர்த்தது. அதைத் தாண்டினால் விற்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. இரண்டு விளக்கத்திலும் சொல்லப்பட்ட விதத்தில் பத்திரப்படுத்தியிருந்தால் என்ற நிபந்தனை உண்டு. லேபிளில் அது சின்ன எழுத்தில் ‘5 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்று இருக்கும். தேதியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அந்த வரியையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மருந்துத் துறையில் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். 1996 முதல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் ஒரு சின்ன அடையாளம் வருகிறது. ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடு படப் பட அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் எக்ஸ்பைரிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தாலும் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. தேதியையும் பட்ட சூட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும் என்று கிராமத்துச் செவிலியருக்கும் ஒரே பார்வையில் புரிய வைத்துவிட்டார்கள். நாம் வாங்கும் பால் பாக்கெட்டிலும் மீன் பெட்டியிலும் பெரும்பாலும் அப்படி ஒன்று இல்லை. அந்த இடத்தைத்தான் ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஓரளவு நிரப்புகிறது.

சரி, இனி பொருளுக்கு வருகிறேன்.

முதல் வகை டயல். உள்ளே இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு சுருள். இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் முள் நகரும். பேட்டரி கிடையாது, தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அலமாரிக் கம்பியில் மாட்டலாம், நிற்கவும் வைக்கலாம். குறை என்னவென்றால் மெதுவாக நகரும், இரண்டு கோடுகளுக்கு நடுவில் முள் நின்றால் 4-ஆ 6-ஆ என்று தீர்மானிக்க முடியாது. நம் விஷயத்தில் அந்த இரண்டு டிகிரிதான் முக்கியம். கீழே போட்டால் அளவு விலகவும் வாய்ப்புண்டு. கதவைத் திறந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்து மறைத்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது, கண்ணாடிக் குழாயில் சிவப்புத் திரவம் ஏறி இறங்குவது. டயலைவிடத் துல்லியம். ஆனால் சிவப்புக் கோடு நடுவில் துண்டுபட்டுவிட்டால் தப்பான எண்ணைக் காட்டும், அது தப்பு என்று தெரியவும் தெரியாது. உணவுக்குப் பக்கத்தில் கண்ணாடி வைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. வயதானவர்களுக்குப் படிக்கவும் கஷ்டம்.

மூன்றாவது டிஜிட்டல், மெல்லிய ஒயரோடு. சென்சார் உள்ளே இருக்கும், திரை ஃபிரிட்ஜ் கதவின் வெளிப்பக்கம் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். கதவைத் திறக்காமலே பார்க்கலாம். இதில் மறக்காமல் தேட வேண்டிய வசதி ஒன்று இருக்கிறது, அதிகபட்சம் குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது. நீங்கள் தூங்கும்போது, ஊருக்குப் போயிருக்கும்போது, கரண்ட் போய் வந்தபோது உள்ளே எவ்வளவு ஏறியது என்று பிறகு வந்து பார்க்கலாம். இப்போது எத்தனை டிகிரி என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம். ஏனென்றால் உணவு கெடுவது நாம் பார்க்காத நேரத்தில்.

துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் வகையை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். அது மேற்பரப்பை மட்டும் அளக்கும். பளபளப்பான டின், எஃகுப் பாத்திரம் மேல் நீட்டினால் எதிரில் உள்ளவற்றின் வெப்பத்தைச் சேர்த்துக் காட்டும்.

எந்த வகையாக இருந்தாலும் வாங்கியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், இடைவெளி நிரம்பும் வரை தண்ணீர், நன்றாகக் கலக்கிவிட்டு சென்சாரை நடுவில் அமிழ்த்துங்கள். டம்ளரின் பக்கத்தையோ அடியையோ தொடக் கூடாது. சில நிமிடத்தில் 0 காட்ட வேண்டும். டிஜிட்டல்காரர்கள் ஒரு டிகிரி கூடவோ குறைவோ இருக்கலாம் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், அது பரவாயில்லை. எனக்கு வந்த டிஜிட்டல் 0.4 காட்டியது. டயல் 2 காட்டியது, ஆகவே அதைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் 2 கழித்துக்கொள்கிறேன். ஒரு சீட்டு எழுதி அதன் முதுகில் ஒட்டியும் வைத்திருக்கிறேன், வீட்டில் மற்றவர்களும் பார்க்கிறார்களே.

அப்புறம், சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். கதவைத் திறந்தால் காற்றின் வெப்பம் சட்டென்று ஏறும், மூடினால் இறங்கும். பனி உறையாத ஃபிரிட்ஜ்களில் பனியைக் கரைக்கும் சுற்று ஓடும்போதும் கொஞ்ச நேரம் ஏறும். உணவு அவ்வளவு வேகமாக ஏறி இறங்காது. ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதற்குள் சென்சாரை வைத்து, இரவு முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். உங்கள் பால் எந்த வெப்பத்தில் இருக்கிறது என்பதற்கு நெருக்கமான எண் அதுதான். சென்சார் தண்ணீர் புகாத வகையா என்று பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

எங்கள் ஃபிரிட்ஜில் கீழ்த் தட்டின் பின்பக்கம் 3, மேல் தட்டு 6, கதவில் பால் வைக்கும் இடம் 9. ஒரே பெட்டிக்குள் ஆறு டிகிரி வித்தியாசம்! உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை 5 டிகிரிக்குக் கீழே. பாலுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கும் கதவுதான் இருப்பதிலேயே சூடான இடம். படிநிலையை ஒன்று கூட்டி, பாலைக் கீழ்த் தட்டுக்குப் பின்னால் மாற்றி, கதவில் ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில் மட்டும் வைத்தோம். இதற்கு எந்தச் செலவும் இல்லை. பால் அதன் தேதி வரைக்கும் தாராளமாக வருகிறது, அதைத் தாண்டியும் வருகிறது.

என் நாத்தனாருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குத் தேதி முடியும் முன்பே பால் திரிந்துபோகும். “இந்தக் கம்பெனிப் பாலே சரியில்லை அண்ணி” என்று மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டரை வைத்த மறுநாள் காலையிலேயே ஃபோன். “அண்ணி, பத்து காட்டுது. ரிப்பேரா?” ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், சரியாகத்தான் காட்டியது. கதவின் ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார் என்றேன். மூன்று பக்கம் இறுக்கமாகப் பிடித்தது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ரப்பரை மாற்றிய பிறகு 4-க்கு வந்தது. ஒரு மூலை ரப்பர் விட்டதற்காக அந்தக் குடும்பம் எவ்வளவு பாலைக் கொட்டியிருக்கும்! ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன், அதில் 63 கோடி டன் வீடுகளில் மட்டும். அந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கு நாத்தனார் வீட்டு ஃபிரிட்ஜ்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இப்போது முக்கியமான கேள்வி. தெர்மாமீட்டர் 5-க்குக் கீழே காட்டுகிறது, தேதி தாண்டிவிட்டது. சாப்பிடலாமா?

பொருளைப் பொறுத்தது. பதனிட்ட பால் திறக்காமல், குளிரிலேயே இருந்திருந்தால், அதைக் கெடுப்பவை பெரும்பாலும் குளிரிலும் வளரும் கிருமிகள். அவை நாற்றத்தோடு, கசப்போடு வரும். ஆகவே இங்கே மூக்கை நம்பலாம். கொஞ்சம் ஊற்றிக் காய்ச்சிப் பாருங்கள், திரிந்தால் கொட்டுங்கள். தயிருக்கு அதன் புளிப்பே காவல். தேதிக்குப் பிறகு ஒரு வாரம் புளிப்பு ஏறும், மேலே தண்ணீர் பிரியும், அதில் ஆபத்தில்லை. பூசணம் ஒரு பொட்டு இருந்தாலும் மொத்தமும் போகட்டும். கெட்டியான சீஸில் பூசணம் வந்தால் அதைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். ரொட்டியிலும் மென்மையான சீஸிலும் அது செல்லாது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கிறோம். பழைய முட்டை மிதக்கும், அது உண்மை. உள்ளே ஈரம் குறைந்து காற்றறை பெரிதாகியிருக்கும். ஆனால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கிறதா என்று அந்தச் சோதனை சொல்லாது. தேதி தாண்டிய முட்டையை மஞ்சள் கரு இறுகும் வரை வேகவைத்துச் சாப்பிடுங்கள், அரைவேக்காடு வேண்டாம்.

உப்பு, சர்க்கரை, வினிகர் ஆகியவற்றுக்குத் தேதியே தேவையில்லை என்று கோடெக்ஸ் விதியே விலக்குக் கொடுக்கிறது. (அயோடின் கலந்த உப்புக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை.) அரிசி, பருப்பு தேதி தாண்டினாலும் வண்டும் ஈரமும் இல்லையென்றால் போதும். எண்ணெய், கடலை, முழுக்கோதுமை மாவில் சிக்கு வாடை வந்தால் ருசியே போய்விடும், வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். இவற்றுக்கெல்லாம் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை.

டின் உணவு வேறு கணக்கு. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பானவை ஒன்றரை வருடம் வரை நல்ல தரத்தில் இருக்கும். புளிப்பில்லாத பயறு, இறைச்சி, மீன் டின்கள் இரண்டிலிருந்து ஐந்து வருடம். தேதியைவிட டின்னின் உடம்பைப் பாருங்கள். உப்பியிருந்தால், கசிந்தால், மூட்டில் ஆழமாக நசுங்கியிருந்தால், திறக்கும்போது பீறிட்டால், நாக்கில் வைக்காமல் எறிந்துவிடுங்கள். காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் வளரும் கிருமி உண்டாக்கும் பாட்டுலினம் நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கொல்லும். ருசி பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி நான் கறாராக இருக்கும் இடம். பாதுகாப்புக்கான தேதி போட்ட, சமைக்காமல் அப்படியே சாப்பிடும் உணவுகள்: பதப்படுத்திய இறைச்சித் துண்டுகள், புகையூட்டிய மீன், மென்மையான சீஸ் போன்றவை. இவற்றில் தேதி தாண்டினால் ஃபிரிட்ஜ் 3 டிகிரி காட்டினாலும் நான் சாப்பிட மாட்டேன். காரணம் லிஸ்டீரியா. மற்ற பல நோய்க்கிருமிகள் 5 டிகிரிக்குக் கீழே ஓய்ந்துபோகும். இது 0 டிகிரிக்குப் பக்கத்திலும் மெதுவாக வளரும். நாற்றம் வராது, நிறம் மாறாது, நூல் விடாது. ஆரோக்கியமானவர்கள் பலருக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. கருச்சிதைவு வரைக்கும் கொண்டுபோகும். வயதானவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இருக்கும் வீட்டில் இந்தத் தேதியை ஒரு நாள்கூட நீட்டாதீர்கள். சாப்பிட்டுச் சில வாரம் கழித்துக்கூட வரும் என்பதால் எதனால் வந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

“முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கு” என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உணவை நாற வைக்கும் கிருமிகளும் நம்மைப் படுக்க வைக்கும் கிருமிகளும் பெரும்பாலும் வேறு வேறு. மூக்கு முதல் கூட்டத்தைத்தான் கண்டுபிடிக்கும்.

“நல்லா கொதிக்க வெச்சா சரியாயிடும்” என்பதும் முழுக்க உண்மை இல்லை. சோற்றை வெளியிலேயே பல மணி நேரம் விட்டால், வேகும்போது சாகாமல் தப்பிய பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் அழியாது. சோறு ஊசிப்போன வாடை வருவதற்கு முன்பே அது உருவாகியிருக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிர் விட்டுப்போனால் உள்ளே ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேரும், அதுவும் சமைத்தால் போகாது. இவற்றில் எல்லாம் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரியில் இருந்தது என்பதுதான். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். அங்கேயும் மூன்று நான்கு நாள்தான்.

குழந்தைக்கான பால்பவுடர் தேதி தாண்டினால் யோசனையே வேண்டாம், எறிந்துவிடுங்கள். அதில் சத்தும் லேபிளில் சொன்ன அளவுக்கு இருக்காது. அந்தக் குழந்தைக்கு அது மட்டும்தான் சாப்பாடு.

ஒரு பாக்கெட்டைத் திறந்தவுடன் அதன் தேதி காலாவதி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் சொன்னது மூடிய பாக்கெட்டுக்கு. திறந்த நாளை மேலே பேனாவால் எழுதும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

கரண்ட் போகும்போதுதான் தெர்மாமீட்டர் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நிரம்பிய ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். ஆனால் நாம் இல்லாதபோது எவ்வளவு நேரம் போனது என்று யாருக்குத் தெரியும்? ஊரிலிருந்து திரும்பி வந்து ஃப்ரீஸரைத் திறந்தால் எல்லாம் கல்லாக உறைந்திருக்கும், நடுவில் உருகித் திரும்ப உறைந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். திரையில் அதிகபட்சம் மைனஸ் 15 என்று இருந்தால் நிம்மதியாகச் சமைக்கலாம். 12 என்று இருந்தால் அதில் இருந்த இறைச்சியும் மீனும் குப்பைக்கு. மைனஸ் 18-லேயே இருந்த உணவில் கிருமி வளராது, தேதி தாண்டினாலும் பாதுகாப்பானதுதான். உலர்ந்து சக்கையாகிவிடும் என்பது மட்டும்தான் நஷ்டம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டருக்கு உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் நடந்தது தெரியாது. கடையில் பாலை வெயிலில் இறக்கி வைத்திருந்தாலும், மேல் தட்டு வரை அடுக்கிய திறந்த குளிர்பெட்டியில் வைத்திருந்தாலும் அதற்குள் பாதி ஆயுள் போயிருக்கும். ஃபிரிட்ஜ் 3 காட்டியும் பால் சீக்கிரம் கெட்டால், அப்போது கடையைச் சந்தேகப்படலாம். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு ஆதாரமாவது கையில் இருக்கிறது.

டிஜிட்டலில் ஒயர் கொஞ்சம் தடிமனாக இருந்தால் கதவு ரப்பர் அங்கே தூக்கிக்கொண்டு நிற்கும், குளிர் கசியும். தட்டையான ஒயர் உள்ளதாகப் பாருங்கள், கீல் இருக்கும் பக்கமாக வெளியே எடுங்கள். நினைவை அழிக்கும் பட்டனை வாரம் ஒரு முறையாவது அழுத்த வேண்டும். இல்லையென்றால் என்றைக்கோ கதவு திறந்து கிடந்தபோது ஏறிய எண்ணே அதிகபட்சமாக நின்றுகொண்டிருக்கும். செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும் பட்டன் பக்கத்திலேயே இருப்பது தொந்தரவு. கை பட்டு மாறி, 39 என்று பார்த்து என் மாமியார் பதறிப்போனார். எச்சரிக்கை மணி உள்ள வகையில் எல்லையை நாமே வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாதவை ஒவ்வொரு முறை காய்கறி அடுக்கும்போதும் அலறும், இரண்டே நாளில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். முழுக்கவும் உள்ளேயே வைக்கும் டிஜிட்டல் வகையில் குளிருக்குப் பேட்டரி சீக்கிரம் தீர்ந்து, திரையும் மங்குகிறது.

ஒன்று மட்டும் வாங்குவதென்றால் அதிகபட்சம் குறைந்தபட்சம் காட்டும், தட்டை ஒயர் வைத்த, சென்சார் தண்ணீரில் அமிழ்த்தக்கூடிய டிஜிட்டல் வாங்குங்கள். இரண்டு சென்சார் உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது, ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று ஃப்ரீஸரில். வீட்டில் கர்ப்பிணியோ வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தனியாக இருப்பவர், தினமும் வாங்கித் தினமும் சமைப்பவர் என்றால் டயலே போதும், இரவு முழுக்கத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்து இடத்தை ஒரு முறை சரிசெய்துகொண்டால் சரி. ஐஸ் தண்ணீரில் இரண்டு டிகிரிக்கு மேல் தப்பாகக் காட்டுவதை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், பெட்டியும் பில்லும் கையில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.